அடிச்சவர் முன்வரிசையில, அடிபட்டவன் கஞ்சி குடிக்கிறான். எப்படி ஜெபம் பண்றது?

மேரக்காய்க்கொடி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம், இந்த மலையில நாலு வளைவு தாண்டுறதுக்குள்ள யாரைச் சொல்றேன்னு தெரிஞ்சிடும்.

எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் தேயிலை. இலையை ஒரு ஏஜென்ட்கிட்ட போடறோம். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு, எல்லாம் பழகினதுதான். போன மழையில என் தம்பி தராசுல மின்னின எண்ணையும் சீட்டுல எழுதின எண்ணையும் பார்த்துட்டு, "அண்ணா, ஆறு கிலோ குறையுதே"ன்னான். சத்தம் போடல. கேட்டான், அவ்வளவுதான். லோடு ஏத்துற பையன் சிரிச்சான், ஏஜென்ட் சிரிக்கல. பிக்கப்போட பின்கதவுக்குப் போடுற கம்பியை உருவி தாடையில ஒண்ணு போட்டார்.

தாடை ரெண்டு இடத்துல விட்டுப்போச்சு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. கடவாய்ப் பக்கம் ஒரு சின்ன சந்து இருக்கு, அது வழியா ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி. அம்மா ராகிக் கஞ்சியை வேட்டித் துணியில ரெண்டு தடவை வடிகட்டுறாங்க. ஒரு குருணை மாட்டினாலும் அவன் கண்ணுல தண்ணி வந்துடும். ஸ்டேஷன்ல, புகார் வாங்கினதுக்குக் கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீதோட அனுப்பிட்டாங்க. எஃப்ஐஆர் இல்ல. "ஒரே ஊர்க்காரங்க, பேசி முடிச்சுக்கங்க."

அப்புறம் சபையில அறுப்பின் பண்டிகை வந்துச்சு. அம்மா வீட்டுக்குப் பின்னாடி விளைஞ்ச மேரக்காய், கேரட், ஒரு பூசணி எல்லாம் கூடையில வெச்சுக் காணிக்கை கொண்டு போனாங்க. காணிக்கைப் பொருளை எல்லாம் சபையில ஏலம் விடுவாங்க. அந்தக் கூடை வந்ததும் அந்த ஏஜென்ட் கையைத் தூக்கினார். முந்நூறு ரூபாய் பெறாத கூடைக்கு 15,000. சபையே கை தட்டுச்சு. ஆயர் அவர் பேரைச் சொல்லி, அவர் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும்னு ஜெபம் பண்ணினார். அம்மாவும் கை தட்டிட்டாங்க. பழக்கம். அப்புறம் சட்டுனு ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க.

சட்ட ஆலோசனை கேட்டு இதை எழுதல. எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. "பரமண்டலங்களிலிருக்கிற" வரைக்கும் வருது, அதுக்கு மேல அந்த ஆள் முகம்தான் வருது. அவருக்குப் புது வீடு, பையன் வெளிநாட்டுல, ஒரு தலைவலின்னு படுத்ததில்ல. பார்த்துக்கிட்டு இருக்கிறவர் என்னதான் பண்றார்? இதைத் தாண்டி வந்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

சபைமூப்பன்

தம்பி, உங்க வேதனை புரியுது. 37-ம் சங்கீதத்தைத் தினமும் வாசிங்க. பொல்லாதவர்களைக் குறித்து எரிச்சலடையாதேன்னுதான் ஆரம்பிக்குது. புல்லு மாதிரி சீக்கிரம் அறுப்புண்டு போவாங்கன்னு வாக்குத்தத்தம் இருக்கு. மனசுல கசப்பை வெச்சுக்காம மன்னிச்சு விட்டுடுங்க, பழிவாங்குதல் கர்த்தருக்குரியது. உங்க தம்பிக்காக ஜெபிக்கிறேன்.

கருப்புச்சட்டை_குன்னூர்

எப்பப் பாரு அடிபட்டவனுக்குத்தான் வசனம். ஐயா, கம்பி எடுத்தவர்கிட்ட போய் யாராவது ஒரு வசனம் வாசிச்சுக் காட்டினீங்களா? 15,000 ரூபாய்க்கு ஆசீர்வாதமே கிடைக்குது. ஆறு கிலோ ஆறு கிலோவா எத்தனை பேர்கிட்ட எடுத்தா அந்த 15,000 வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

நெறியாளர்

மதத்தைத் திட்டுறதும் வேண்டாம், ஊரை அடையாளம் காட்டுறதும் வேண்டாம். மத்தபடி பேசுங்க.

ஊட்டி_தமிழாசான்

தம்பி, நீங்கள் கேட்டது பழைய கேள்வி. பழைய கேள்வி என்று சொல்வது ஆறுதலாகாது என்பதும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

வள்ளுவர் இதை நேராகவே எடுத்திருக்கிறார்:

அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான்
கேடும் நினைக்கப் படும்.

கோணல் நெஞ்சக்காரன் வளர்வதும் நேரானவன் கெடுவதும் ஆராயப்படவேண்டியவை என்கிறார். பரிமேலழகர் பழவினையைக் கொண்டுவந்து முடித்துவைக்கிறார். குறளில் அந்த முடிப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் விடை சொல்லும் மனிதர், இந்த இடத்தில் 'யோசி' என்று விட்டுவிட்டுப் போகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் குறள் ஊழ் அதிகாரத்தில் இல்லை, கொடுங்கோன்மையிலும் இல்லை. அழுக்காறாமையில் இருக்கிறது. நான் கிறித்தவன் அல்லன், ஆனால் உங்கள் வேதத்தின் 73-ம் சங்கீதத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அதைப் பாடிய ஆசாபும் அதே இடத்தில்தான் தொடங்குகிறார்: "வீம்புக்காரராகிய அவர்கள்மேல் பொறாமை கொண்டேன்." எங்கெங்கோ இருந்த இரண்டு பேர் இந்தக் கேள்வியைப் பொறாமைக்குப் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேரக்காய்க்கொடி

ஐயா, மரியாதையோட சொல்றேன். பொறாமையா? என் தம்பி ஸ்ட்ராவுல கஞ்சி குடிக்கிறான். அந்த ஆளோட காரோ வீடோ எனக்கு வேணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. அநியாயம்னு சொன்னா பொறாமைன்னு பேர் வெச்சுடறாங்க, எல்லா ஊர்லயும் இப்படித்தான்.

பனிமூட்டம்

நடுவுல குறுக்கிடறேன், மன்னிக்கவும். இன்னைக்குக் கோத்தகிரி பக்கம் பச்சை இலை என்ன விலைக்கு எடுக்கிறாங்க?

நெறியாளர்

விலைக்குத் தனி இழை இருக்கு.

லயத்துப்பேத்தி

அண்ணா, நான் கூடலூர் பக்கம். எங்க குடும்பம் இலங்கைத் தோட்டத்துல இருந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்தது. 1964-ல கையெழுத்தானது, நாங்க வந்து சேர்ந்தது ரொம்பப் பின்னாடி, 77 கலவரத்துக்கு அப்புறம். தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் முகாம்ல கிடந்து, அப்புறம் அரசோட டான்டீ தேயிலைத் தோட்டத்துல வேலை.

எங்க அம்மாயி அங்க இருந்த லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) தீ வெச்சவங்கள்ல ஒருத்தனை அவங்களுக்கு நல்லாத் தெரியும். கடைக்காரன். அம்மாயி அவன்கிட்டதான் அரிசி வாங்குவாங்க. இங்க வந்ததுக்கு அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் மாரியம்மன் கோயில் வாசல்ல நின்னு அவன் பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்துவாங்க. நான் சின்னப் பிள்ளை, பக்கத்துல நின்னு பார்ப்பேன், கண்ணுல தூசி விழும்.

பல வருஷம் கழிச்சு அங்கிருந்து வந்த சொந்தக்காரர் சொன்னார், அந்த ஆளுக்கு இப்ப மூணு கடை, ரெண்டு பஸ்ஸுன்னு. அம்மாயி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போகமாட்டாங்கன்னு நினைச்சேன். போனாங்க. மண்ணைத் தூத்தினாங்க, அதோட மாரியாத்தாளையும் சேர்த்துத் திட்டினாங்க. "உனக்குக் கூழ் ஊத்தினது தண்டம்டி"ன்னு. பூசாரி பயந்துட்டார். நான் வீட்டுக்கு வர்ற வழியில, "அதான் ஒண்ணும் செய்யலையே, அப்புறம் எதுக்கு அம்மாயி போறீங்க?"ன்னு கேட்டேன். "அவகிட்ட சொல்லாம பின்ன யார்கிட்டடி சொல்றது, தொரைகிட்டயா?"ன்னாங்க.

அவங்க கடைசி வரைக்கும் அந்த ஆளை மன்னிக்கல. அவங்களுக்குப் பக்தி இல்லைன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன். உங்களுக்கு "பரமண்டலங்களிலிருக்கிற"க்கு அப்புறம் அந்த ஆள் முகம் வருதுன்னா, முகத்தை வெச்சுக்கிட்டே பேசுங்கண்ணா.

பொறாமைன்னு ஐயா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்குப் படுது. காருக்கு இல்ல, தூக்கத்துக்கு. நம்ம வீட்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல, அந்த ஆள் நிம்மதியாத் தூங்குறானேன்னு இருக்கும்ல?

மேரக்காய்க்கொடி

ஆமா. அது இருக்கு.

ஹட்டிக்காரன்

நான் படுகன், இந்த நீலகிரி மலைச் சமூகம். எங்க பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்றேன், இழைக்கு ஒட்டுதான்னு நீங்களே பாருங்க.

எங்க சாவுகள்ல கரு ஹரசுவதுன்னு ஒண்ணு உண்டு. அடக்கத்துக்கு முன்னாடி ஒரு பெரியவர் நின்னு, செத்தவர் தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பாவம்னு ஒரு பட்டியலே சொல்வார். ஒவ்வொண்ணுக்கும் கூட்டம் பதில் கொடுக்கும், அது போகட்டும்கிற மாதிரி. வெள்ளைக்கார ஆய்வாளர் தர்ஸ்டன் 1909-ல போட்ட புத்தகத்துலயே அந்தப் பட்டியல் இருக்கு. அந்தக் காலத்துல பாவத்தையெல்லாம் ஒரு கன்னுக்குட்டி மேல ஏத்தி விரட்டிவிட்டதையும் எழுதியிருக்கார். எல்லைக்கல்லை நகர்த்தினது, வேலியை எடுத்துட்டு அடுத்தவன் நிலத்துல புகுந்தது, அண்ணன் தம்பியைப் பிரிச்சது எல்லாம் அதுல வரும். எறும்பைக்கூட மிதிக்காத கிழவிக்கும் அதே பட்டியல்தான், ஊரை அடிச்சு உலையில போட்டவனுக்கும் அதே பட்டியல்தான்.

எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தார். வருஷத்துக்கு ஒரு முழம்னு வேலியைத் தள்ளியே பக்கத்து நிலத்துல பாதியை முழுங்கினவர். கேட்டவரை ஆள் வெச்சு அடிச்சார். தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்து தூக்கத்துலயே போனார். சாவுக்கு மூணு ஊர் கூட்டம். நிலம் போனவரும் வந்திருந்தார், எங்க ஊர்ல சாவுக்கு வராம இருக்க முடியாது. கரு ஹரசும்போது எல்லைக்கல் பாவம் வந்துச்சு. கூட்டம் பதில் சொல்லுச்சு. அவர் வாயைத் திறக்கல. நான் பக்கத்துல நிக்கிறேன், நல்லாப் பார்த்தேன். அடுத்த பாவத்துக்கு எல்லாரோட சேர்ந்து சொன்னார். மறுபடி வேலி வந்துச்சு, மறுபடி வாயை மூடிக்கிட்டார். ஒருத்தரும் அவரைத் திரும்பிப் பார்க்கல, ஏன்னு கேக்கல.

மன்னிச்சுடுன்னு ஈஸியாச் சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு அந்த மூடின வாய்தான் ஞாபகம் வரும். அவர் சடங்கைக் கெடுக்கல. பொய்யும் சொல்லல.

சபைமூப்பன்

ஹட்டிக்காரன் தம்பி, நெஞ்சைத் தொட்டீங்க. ஆனா மன்னிக்கச் சொல்றது நான் கண்டுபிடிச்சது இல்ல, கட்டளை. இருந்தாலும் அவசரப்பட்டுச் சொல்லக்கூடாதுங்கிறது புரியுது.

மெயின்பஜார்

நான் ஊட்டியில கடை வெச்சிருக்கேன். எங்க குர்ஆன்ல காரூன்னு ஒருத்தர் வர்றார். மூசா நபியோட சமூகத்து ஆள். பொக்கிஷச் சாவிகளைத் தூக்கவே பலசாலிக் கூட்டம் ஒண்ணு வேணும், அவ்வளவு சொத்து. எல்லாம் என் அறிவால வந்ததுன்னு நெஞ்சை நிமித்தினார். கடைசியில அவரையும் வீட்டையும் பூமி விழுங்கிச்சு. பயான்ல (மார்க்கப் பேச்சுல) இந்த விழுங்குறதைத்தான் எல்லாரும் பெருசாச் சொல்வாங்க.

எனக்கு அதுல பிடிச்ச இடம் வேற. அவர் அலங்காரமா ஜனங்க முன்னாடி வரும்போது, "ஆஹா, காரூனுக்குக் கிடைச்ச மாதிரி நமக்கும் கிடைக்கக்கூடாதா"ன்னு ஒரு கூட்டம் வாயைப் பிளக்குது. அந்தக் கூட்டத்தை அல்லாஹ் கதையில விட்டுடல. விழுங்கினதுக்கு மறுநாள் அவங்க என்ன பேசினாங்கன்னும் வருது. கதை காரூனைப் பத்தின அளவுக்கு அந்தக் கூட்டத்தைப் பத்தினதும்தான்.

என் கடைக்கும் அப்படி ஒருத்தர் வருவார். ஊர்ல அவரைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வராது. அவர் உள்ள வந்ததும் நான் எழுந்து நிப்பேன், பையனை அனுப்பி டீ வாங்கச் சொல்வேன். பயமும் இல்ல, அவர்கிட்ட எனக்குக் கடனும் இல்ல. உடம்பு தானா எழுந்துடும். அல்லாஹ் ஏன் அவரை உயர்த்தினான்னு நான் கேக்கும்போது, நாற்காலியைத் துடைச்சுக் கொடுத்தது நான்தானேன்னு தோணும்.

கருப்புச்சட்டை_குன்னூர்

மெயின்பஜார் பாய் சொன்னது முதல் உருப்படியான பேச்சு. பூமி விழுங்குற கதையெல்லாம் எனக்கு ஒத்துவராது. ஊட்டி ஸ்டீபன் சர்ச்சைப் பாருங்க. 1829-ல அடிக்கல் போட்டாங்க. உத்தரத்துக்கும் தூணுக்கும் தேக்கு எங்கிருந்து வந்துச்சு? ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட அரண்மனையைப் பிரிச்சு எடுத்தது. 1799-ல சண்டையில ஜெயிச்சவன், தோத்தவன் வீட்டு உத்தரத்தை மலை மேல ஏத்தி அதுக்குக் கீழ உட்கார்ந்து சாமி கும்பிட்டான். பூமி யாரையும் விழுங்கல. அது மேல சர்ச் கட்டினாங்க, டூரிஸ்ட் போட்டோ எடுக்கிறாங்க.

ஊட்டி_தமிழாசான்

கருப்புச்சட்டை அவர்களே, அந்தக் கோயிலின் பின்பக்கக் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சலிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் கிடக்கிறார்கள். ஜெயித்தவர் வீட்டுக்குள்ளும் சாவு வந்தது.

கருப்புச்சட்டை_குன்னூர்

சாவு எல்லார் வீட்டுக்கும் வரும் ஐயா. அதை நீதின்னு கணக்குல எழுதாதீங்க. மேரக்காய்க்கொடி வீட்டுக்கும் ஒரு நாள் வரும், அப்ப அதை என்னன்னு சொல்வீங்க?

ஊட்டி_தமிழாசான்

நியாயமான அடி. புறநானூற்றில் ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் மணமுழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். அவரும் உங்கள் கட்சிதான் போலிருக்கிறது. இத்தனைக்கும் படைத்தவன் இல்லை என்று அவர் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஒருவன் வேண்டுமே. லயத்துப்பேத்தியின் அம்மாயிக்கும் அவருக்கும் நல்ல பேச்சு ஓடியிருக்கும்.

பழைய_சூப்பர்வைசர்

நான் இலை வாங்கற ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். சாமி விஷயம் எனக்கு அவ்வளவா ஓடாது. அந்த ஆள் எப்படி வளர்ந்தார்ங்கிறதுல மர்மம் ஒண்ணும் இல்ல.

ஏஜென்ட் கையில இருக்கிற ஆயுதம் கம்பி இல்ல, முன்பணம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் எடுத்துக் கொடுப்பார். நோட்டு எழுதி வாங்கமாட்டார். அதுக்குப் பதிலா இலையை வேற எங்கயும் போடக்கூடாது. அப்புறம் அவர் சொன்னதுதான் எடை. இலையைப் பறிச்சா அன்னைக்கே போய்ச் சேரணும், இல்லைன்னா சூடேறிச் சிவந்துடும். அதனால தராசு முன்னாடி நின்னு வாதாட நேரமும் கிடையாது. அவருக்கு அது தெரியும்.

கூட்டுறவு ஃபேக்டரி இந்த மாவட்டத்துல 16 இருக்கு, இண்ட்கோ. உறுப்பினரா இருந்தா அங்க இலை போடலாம். பணம் வர லேட்டாகும், உண்மைதான். அந்த லேட்டுலதான் ஏஜென்ட் பொழைக்கிறார். உங்க அப்பா பேர்ல பழைய உறுப்பினர் அட்டை இருக்கான்னு பெட்டியைத் தேடிப் பாருங்க.

மேரக்காய்க்கொடி

அண்ணா, நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா நான் ஆண்டவரைக் கேட்டேன், நீங்க இண்ட்கோவைக் காட்டுறீங்க.

லயத்துப்பேத்தி

ஹாஹா. அண்ணா, சிரிச்சதுக்கு மன்னிக்கணும். ஆனா அந்த ரெண்டும் அவ்வளவு தூரமா?

மேரக்காய்க்கொடி

நேத்து ராத்திரி தமிழாசான் ஐயா சொன்ன 73-ஐ எடுத்து உட்கார்ந்தேன். பெருமை அவங்களைச் சரப்பணி (கழுத்துச் சங்கிலி) மாதிரி சுத்திக்கும், கொடுமையை ஆடை மாதிரி போட்டுப்பாங்கன்னு வருது. அதுக்குக் கொஞ்சம் கீழ, ஜனங்களும் அந்த வழிக்கே திரும்புறாங்கன்னு ஒரு வசனம். சின்ன வயசுல இருந்து எத்தனை தடவை வாசிச்சிருப்பேன், அங்க நின்னதே இல்ல. சூப்பர்வைசர் அண்ணா சொன்ன முன்பணமும், பாய் சொன்ன நாற்காலியும், எங்க சபை கை தட்டினதும் எல்லாம் அந்த ஒரு வரியில இருக்கு. ஆசாபு அந்த ஆளை மட்டும் பார்த்துக் கொதிக்கல, சுத்தி நின்னவங்களையும் பார்த்திருக்கார்.

அதுக்காக என் கேள்வி தீர்ந்துடுச்சுன்னு யாரும் நினைக்க வேண்டாம். கை தட்டினது நாங்கன்னா, தம்பி தாடைக்குக் கம்பி வரும்போது ஆண்டவர் எங்க இருந்தார்ங்கிறது அப்படியேதான் இருக்கு. பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போனதும் எல்லாம் விளங்கிடுச்சுன்னு 17-ம் வசனத்துல ஆசாபு சொல்றார். எனக்குப் பரிசுத்த ஸ்தலத்துலதான் பிரச்சினையே, அங்கதான் ஏலம் போச்சு. அதனால 16 வரைக்கும் வாசிச்சிட்டு மூடி வெச்சுட்டேன். அந்தப் பதினாறும் எனக்கு ஜெபம் மாதிரிதான் இருந்துச்சு.

இதையெல்லாம் தம்பிகிட்ட காட்டினேன். அவனால பேச முடியாது, காகிதத்துல எழுதித்தான் காட்டுவான். முழுசும் படிச்சிட்டு எழுதினான்: "எல்லாம் சரி. அந்த ஆறு கிலோவுக்குக் காசு வாங்கினியா?"

ஹட்டிக்காரன்

தம்பி தங்கம்!

சபைமூப்பன்

மேரக்காய்க்கொடி தம்பி, ராத்திரி பூரா யோசிச்சேன். எங்க சபையிலயும் இந்த ஏலம் உண்டு. அதிகமா எடுக்கிறவர் பேரை மைக்ல வாசிக்கிறது நான்தான். காசு எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல, கேக்கணும்னு தோணினதும் இல்ல. அடுத்த கமிட்டியில, பேர் சொல்லி வாசிக்கிற வழக்கத்தை நிறுத்தலாம்னு கேக்கப் போறேன். பொருளாளர் சண்டைக்கு வருவார். வரட்டும். இதனால உங்க தம்பிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, தெரியும்.

கருப்புச்சட்டை_குன்னூர்

மூப்பன் ஐயா, நான் உங்களைக் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன், ஆனா வாபஸ் வாங்கமாட்டேன் 🙂

மேரக்காய்க்கொடி, நீங்க சட்ட ஆலோசனை வேண்டாம்னு சொன்னீங்க. இருந்தாலும் சொல்லிட்டுப் போறேன். எலும்பு முறிஞ்சா அது சட்டத்துல கொடுங்காயம். இரும்புக் கம்பியால அடிச்சிருந்தா பாரதிய நியாய சன்ஹிதா 118(2)-ல வரும். போலீஸ் நேரடியா வழக்குப் போடவேண்டிய குற்றம், "பேசி முடிச்சுக்கங்க"ன்னு அனுப்ப முடியாது. எஃப்ஐஆர் போட மறுத்தா ஊட்டியில எஸ்.பி. ஆபீஸுக்கு எழுத்துல மனு அனுப்பலாம். அங்கயும் அசையலைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டு. வக்கீலுக்குக் காசில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீல் கேளுங்க. ஆஸ்பத்திரியில முதல் நாள் பதிவு பண்ணின ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் எக்ஸ்ரேயும் முக்கியம். சிஎஸ்ஆர் ரசீதைத் தொலைச்சிடாதீங்க.

மேரக்காய்க்கொடி

ரசீது அம்மா பைபிளுக்குள்ள பத்திரமா இருக்கு. ஏ.ஆர். காப்பி நாளைக்குப் போய்க் கேக்கறேன். எடைச் சீட்டையும் தம்பி வெச்சிருக்கான். மனு தமிழ்ல எழுதலாமா?

கருப்புச்சட்டை_குன்னூர்

தாராளமா தமிழ்லயே எழுதுங்க. தேதி, நேரம், எந்த இடம், என்ன கம்பி, யார் யார் பார்த்தாங்க. லோடு ஏத்துற பையன் சிரிச்சான்னு சொன்னீங்களே, அவன் பேரையும் சேருங்க. எடைச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைச்சிடுங்க, அசலைக் கொடுக்காதீங்க. எழுதினதும் பேரெல்லாம் அடிச்சிட்டு இங்க போடுங்க, பார்த்துத் திருத்தித் தர்றேன்.